காட்டுத்தீக் காலத்திற்கான வீட்டு முன்னேற்பாடு

நாட்றாம்பாளையம் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள மலைக்கிராமம். இதுபோன்ற காட்டோரச் சிற்றூர்களில் காட்டுத்தீயை எதிர்கொள்ளும் ஆயத்தம் வீட்டு வாசலிலேயே தொடங்க வேண்டும்.

தீ பரவும் விதம்

இப்பகுதிக் காடுகள் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடுகள். ஜனவரி முதல் மே வரை சருகும் காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதர்களும் எளிதில் பற்றிக்கொள்ளும். இந்தியாவில் பெரும்பாலான காட்டுத்தீக்கு மனிதர்களே காரணம். அணைக்காத பீடி, புது புல் முளைக்க வைக்கும் தீ, தோட்டக் கழிவை எரிப்பது ஆகியவை முக்கியமானவை. வெப்பக்காற்று மேலெழுந்து மேட்டிலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்துவதால், தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேற்றத்திற்குச் சென்றவர்கள் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர்.

வீட்டைச் சுற்றி

* பொங்கலுக்குள் வீட்டைச் சுற்றிக் குறைந்தது 10 மீட்டருக்குச் சருகையும் புதரையும் அகற்றவும். கூட்டியதை எரிக்காமல் எருக்குழியில் இடவும். அந்த நெருப்பே காட்டுக்குப் பரவக்கூடும்.
* வைக்கோல் போர், விறகு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது.
* காற்றில் பறந்து வரும் தீப்பொறி கூரையில் விழுந்தும் வீடு பற்றும். எனவே ஓட்டு இடுக்கிலுள்ள சருகை நீக்கவும்.
* தொட்டியில் தண்ணீர், சாக்கு, மண்வெட்டி ஆகியவற்றைத் தயாராக வைக்கவும்.

குடும்பத்தினர்

* பட்டா, குடும்ப அட்டை, ஆதார், மருந்துகளை ஒரே பையில் வைக்கவும்.
* முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகளை முதலில் அனுப்பவும். அவர்களை யார் அழைத்துச் செல்வது, எங்கே கூடுவது என்பதை முன்பே முடிவு செய்யவும்.
* மாடு, ஆடுகளைக் கட்டிய நிலையில் விட்டுச் செல்லாமல் கயிற்றை அவிழ்த்துவிடவும்.
* மேட்டை நோக்கி ஓடாமல் சாலை, உழுத நிலம் அல்லது ஏற்கெனவே எரிந்து ஆறிய இடத்திற்குச் செல்லவும். யானை நடமாட்டம் உள்ளதால் இரவில் காட்டு ஒற்றையடிப் பாதைகளைத் தவிர்க்கவும்.
* பருத்தி உடை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளவும்.

தகவல் தருதல்

தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கண்டறியும் தீ பற்றிய எச்சரிக்கையைப் பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் அப்பகுதியைக் கடக்கும் வரை தீ காத்திருக்காது. புகையை முதலில் காண்பவர் வனத்துறைக்கு உடனே சொல்வதே விரைவான வழி.