தண்டவாளத்தின் சமதளமும் செஞ்சியின் ஏரிக்கரைகளும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, “எவ்வளவு தூரம் நடக்கலாம்?” என்பது. எத்தகைய தரையில் நடப்பது என்னும் கேள்வியோ அரிதாகவே எழுகிறது. ஒரு கிலோமீட்டர் சமதளமும் அரைக் கிலோமீட்டர் ஏற்றமும் இதயத்துக்கு ஒன்றல்ல. புதிதாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுக்கும் ஒன்றல்ல.

ரயில் பாதை அமைப்போர் இதனை நன்கறிந்தவர்கள். சமவெளியில் 100 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயராதவாறு பாதை இடுவது அவர்கள் வழக்கம். மேடு குறுக்கிட்டால் வெட்டுவார்கள். பள்ளம் வந்தால் மண் கொட்டிக் கரை எழுப்புவார்கள். உதகை மலை ரயில், தன் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. பற்சக்கரத்தின் துணையின்றி அங்கே ஏற இயலாது. சக்கர நாற்காலிக்கெனக் கட்டப்படும் சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவும் அதே 12க்கு 1தான். தாயையோ கணவரையோ அச்சாய்தளத்தில் தள்ளிச் சென்று மூச்சு வாங்கியவர்கள் தம் உடல்வலிமையைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. மலை ரயிலின் வேலையைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள்.

இச்சமதளத்தின் அருமை உணர்ந்தே, ரயில் ஓட்டம் நின்றுபோன பாதைகளைப் பல நாடுகள் நடைபாதைகளாக மாற்றியுள்ளன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1960களிலேயே அம்முயற்சி தொடங்கிற்று. நம்மவர்க்கு நெருக்கமான சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. தமிழர் பலரின் உழைப்பும் கலந்த மலாயா ரயில்வேயின் ஒரு பகுதி, உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை அத்தீவைக் கடந்து சென்றது. 2011 ஜூன் 30 அன்று அப்பாதையில் கடைசி ரயில் ஓடியது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட 24 கிலோமீட்டர் பாதை இன்று மரநிழலில் நடப்போருக்கு உரியது. பழைய புக்கித் தீமா நிலையத்தையும் இரும்புப் பாலங்களையும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் மீட்டர் பாதைகளுள் பெரும்பாலானவை அகலப் பாதைகளாயின; ஆகவே நடப்பதற்கென்று எஞ்சியவை அரிது. கைவிடப்பட்ட பாதை என்றால் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பாதையே நினைவுக்கு வரும். செஞ்சியின் நிலையோ வேறு. 2006–07இல் ஒப்புதல் பெற்ற, சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் புதிய பாதை இன்னும் முற்றுப்பெறவில்லை. சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் செஞ்சி மக்கள் இன்றும் திண்டிவனம் வரை சாலை வழியாகவே வர வேண்டியிருக்கிறது. நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவருக்குக் கழிவறையில்லாப் பேருந்துப் பயணம் எத்தகைய சோதனை என்பதை விளக்க வேண்டியதில்லை.

உடல் தேறிய பின் ஒரு நாள் வெளியே சென்றுவர விரும்புவோருக்கு, சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம் வரையிலான ரயில் பயணத்தைப் பரிந்துரைக்கிறோம். செங்கல்பட்டை நெருங்குகையில் கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு சன்னலோரமாக நெடுந்தூரம் உடன் வரும். பின்னர்ப் பாலாற்றுப் பாலம். அதனை அடுத்து வயல்களும் சிறு நிலையங்களும், ஏரி காத்த ராமரின் மதுராந்தகமும். வேடந்தாங்கல் இப்பக்கத்தில்தான் இருக்கிறது. படுக்கையில் பல வாரம் கூரையையே பார்த்திருந்த கண்களுக்கு இவ்வளவு தொலைவு பார்ப்பதே பெருவிருந்து. புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கான ரயில் கட்டணச் சலுகை சிகிச்சைப் பயணத்துக்கு மட்டுமே உரியது. உல்லாசப் பயணத்துக்கு முழுக்கட்டணம் செலுத்த வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு ஒரு மணி நேரச் சாலைப் பயணம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் பிணைத்த கோட்டை அது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் இங்கிருந்துகொண்டே முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை எதிர்த்து நின்றார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் காலக் கோட்டைகள் 12இல், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இஃது ஒன்றே.

இங்கு வருவோருக்கு இராஜகிரியின் உச்சியை அடையாவிட்டால் கோட்டையைப் பார்த்ததாகாது என்றொரு எண்ணம் உண்டு. நாங்கள் அதனை ஏற்பதில்லை. ஏறத்தாழ 800 அடி உயரம், வெயிலில் காய்ந்த படிகள், கைப்பையைப் பறிக்கும் குரங்குகள். அண்மையில் இதயச் சிகிச்சை பெற்றவரோ மூட்டு அறுவை சிகிச்சை முடிந்தவரோ தம் மருத்துவரின் ஒப்புதலின்றி அதில் கால் வைக்கலாகாது. அடிவாரத்துக் கோட்டையே அரை நாளுக்குப் போதுமானது. கல்யாண மகால், யானைக்குளம், தானியக் களஞ்சியம், குதிரை லாயங்கள் ஆகியவை பெரும்பாலும் சமதளத்திலேயே உள்ளன. வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் அவ்வாறே. சக்கர நாற்காலி கொண்டுசெல்வோர் இருவராகச் செல்க; கல்லும் புல்லும் சக்கரத்தைத் தடுக்கும்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களின் ஏரிக்கரைகளே எங்கள் கண்ணுக்கு இவ்வட்டாரத்தின் ரயில் பாதைகளாகத் தோன்றுகின்றன. நீரைத் தேக்க வேண்டுமானால் கரையின் தலை மட்டமாக இருந்தாக வேண்டும். நடப்பவருக்கு வேண்டியதும் அதுவே. வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்கழி, தை மாதக் காலையில் அகலமான ஒரு கரையில் நடந்தால் ஒருபுறம் நீர், மறுபுறம் நெல் வயல். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டா, களிமண் வழுக்கும். பறவைகளைக் காணும் ஆர்வம் மிக்கவர்கள் மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்குச் செல்லலாம். 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அவ்வுவர்நீர்ப் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

நடக்கையில் உடன் வருபவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். மார்பில் வலியோ இறுக்கமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே அமர்ந்துவிட வேண்டும். மருத்துவர் தந்த நாக்கடி மாத்திரையை அவர் சொன்னவாறு பயன்படுத்தி, 108ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலில் நடக்கலாகாது. சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். தண்ணீரை அளந்து பருகச் சொல்லப்பட்டவர்கள் வெளியூரிலும் அந்த அளவைக் கடைப்பிடிப்பது நன்று.

பராமரிப்பவருக்கு ஒரு சொல். இயன்றால் மூவராகச் செல்லுங்கள். ஒருவர் நோயாளியோடு கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்திருக்க, மற்றவர் அரை மணி நேரம் தனியே நடந்து வரலாம். பல மாதங்களாக மாத்திரை நேரங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த மகளோ மனைவியோ, விரும்பினால் இராஜகிரியின் முதல் வாயில் வரை ஏறிப் பார்க்கட்டும். கீழே இருப்பவர் அங்கிருந்து கையசைப்பார்.