முதலில் லென்ஸ், பிறகு கேமரா

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்க நினைப்பவர்களின் விவாதம் பெரும்பாலும் கேனனா நிக்கானா என்பதில் தொடங்கி மெகாபிக்சலில் போய் நிற்கிறது. அங்கே தேடினால் விடை கிடைக்காது. 2018இல் வந்த கேனன் 1500டி 24.1 மெகாபிக்சல், அதே ஆண்டு வந்த நிக்கான் டி3500 24.2. இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார்தான். நொடிக்கு 3 படமா 5 படமா என்பது பறவைகளையும் விளையாட்டையும் எடுப்பவர்களுக்கு முக்கியம். மற்றவர்களின் படத்தை மாற்றப்போவது பாடி அல்ல, லென்ஸ்.

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55 வரை நீட்டினால் அபர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு முகத்தை 1/60 நொடியில் எடுக்க கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டால், இதற்கு ஏறத்தாழ 640 போதும். 6400இல் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகி, தோலின் நயம் கரைந்துவிடும். 640இல், ஃபோகஸ் கண்ணில் சரியாக விழுந்திருந்தால், இமைமுடிகள் தனித்தனியாகத் தெரியும். இந்த விலையில் எந்த பாடியை மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது.

ஆகவே கேட்க வேண்டியது, எந்த பாடியில் நல்ல பிரைம் லென்ஸ், அதாவது இப்படி ஜூம் இல்லாத லென்ஸ், மலிவாகவும் முழுமையாகவும் வேலை செய்யும் என்பதைத்தான். கேனன் 1987இல் பழைய மவுண்ட்டைக் கைவிட்டு, ஆட்டோஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்கும் இஎஃப் முறைக்கு மாறியது. அன்று பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. இன்று அதன் பலன், செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய இஎஃப் லென்ஸும் 1500டியில் தானாக ஃபோகஸ் ஆவது. நிக்கானோ 1959இன் எஃப் மவுண்ட்டை விடவில்லை. மோட்டாரை பாடியில் வைத்து, ஒரு சிறு தண்டால் லென்ஸைச் சுழற்றியது. டி3500இல் அந்த மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 எஃப் 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

இதை வைத்து கேனனே மேல் என்று முடிவுகட்ட மாட்டேன். ஏபிஎஸ்-சி கேனனில் 50 மி.மீ. லென்ஸ் 80 போல நடந்துகொள்ளும். சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்க வேண்டும். நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸோ ஏறக்குறைய 52 போல, வீட்டுக்கும் தெருவுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. அந்த விலையில் அதற்கு நேரான லென்ஸ் கேனனிடம் இல்லை. ஒரே லென்ஸோடு தொடங்குபவருக்கு நான் சொல்வது டி3500தான். அதன் சென்சார், இருண்ட பகுதிகளைப் பின்னர் வெளிச்சமாக்கும்போது 1500டியைவிடச் சுத்தமாக இருக்கிறது என்ற வாதம் உண்மை. ஆனால் அது இரண்டாவது காரணம்.

மிரர்லெஸ் காலத்தில் டிஎஸ்எல்ஆர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இரு நிறுவனங்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக கேனன் ஆர் வரிசையிலும், ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கான் இசட் வரிசையிலும் ஆட்டோஃபோகஸோடு இயங்குகின்றன. நாளை பாடியை விற்றாலும் லென்ஸ் கூடவே வரும். பட்ஜெட் சிறியதென்றால் பாடியைப் பழையதாக வாங்கி, மிச்சப் பணத்தைப் புது பிரைம் லென்ஸில் போடுங்கள்.