பன்றியின் மூக்கும் பருவமழையும்

சித்திரை மாதத்து நடுப்பகல். புதுச்சேரி நகரின் விளிம்பில், சாக்கடை வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் ஒரு பன்றி அசையாமல் படுத்திருக்கிறது. வழியில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பன்றிக்கோ அந்தச் சேறுதான் அந்த நேரத்தில் உயிர். மனிதருக்கு வியர்ப்பதுபோல் அதற்கு வியர்க்காது. வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் அதன் தோலில் மிகக் குறைவு. உடம்பில் பூசிக்கொண்ட சேறு மெல்ல மெல்லக் காயும்போதுதான் சூடு வெளியேறுகிறது. வெறும் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும். சேறு நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஊருக்குள் திரியும் இந்தப் பன்றியும் செஞ்சி மலைக்காட்டில் இருந்து இறங்கும் காட்டுப்பன்றியும் ஒரே இனம். அறிவியல் பெயர் சுஸ் ஸ்க்ரோபா. இந்தியக் காட்டுப்பன்றிக்குப் பிடரியில் இருந்து முதுகு வரை முள்போல் நிமிர்ந்த மயிர் இருக்கும். ஆணுக்குக் கோரைப்பல் வெளியே நீண்டிருக்கும். தோலின் குறை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் காட்டுப்பன்றி எப்போது நடக்கும், எப்போது படுக்கும் என்பதைப் பெரும்பாலும் வானிலையே முடிவு செய்கிறது.

வெயில் காலத்தில் அது பகல் முழுவதும் நிழலில் கிடக்கும். ஓடைக்கரைப் புதர், சீமைக்கருவேலங்காடு, ஆளுயரம் வளர்ந்த கரும்புத் தோட்டம் என்று எதுவும் போதும். பொழுது சாய்ந்ததும் எழுந்து, விடியும் முன் திரும்பிவிடும். குட்டையும் ஓடையும் வற்ற வற்ற, தண்ணீர் நிற்கும் இடத்தை ஒட்டியே அதன் நடமாட்டம் சுருங்கும். கோடையில் காட்டோரத்துத் தண்ணீர் வற்றி, பாசனக் கொல்லைகளில் மட்டும் ஈரம் இருந்தால், பன்றி அங்கேதான் வரும்.

மழை பெய்தால் கதை மாறுகிறது. காட்டுப்பன்றியின் மூக்கு நுனி வெறும் சதை அல்ல. வட்டமான குருத்தெலும்புத் தட்டும், அதைத் தாங்க உள்ளே ஒரு சிறு எலும்பும் உண்டு. அந்த மூக்குதான் அதன் மண்வெட்டி. காய்ந்து இறுகிய செம்மண்ணைக் கிளற அதுவும் சிரமப்படும். ஒரு நல்ல மழை பெய்து மண் பொதுபொதுவென்று ஆனதும், கிழங்கும் புழுவும் வேரும் எளிதில் அகப்படும். ஈர மண்ணில் வாசனையும் தூக்கலாக இருக்கும்.

விழுப்புரம் பக்கத்துக் கொல்லைகளில் மல்லாட்டை போட்டவர்கள் இதை நேரில் கண்டவர்கள். ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை ஐப்பசியை நெருங்கும்போது முற்றி நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். காய் முற்றுவதும் மண் நனைவதும் ஒன்றாக வரும்போது, ஒரு கூட்டம் ஒரே இரவில் கொல்லையை உழுததுபோல் ஆக்கிவிடும். தின்பதைவிடக் கிளறிப் போடுவதுதான் அதிகம்.

மழை அளவுக்கு மீறினால் பன்றியும் இடம் பெயரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தாழ்வான மறைவிடங்கள் மூழ்கிவிடும். காட்டுப்பன்றி நன்றாக நீந்தும். நீந்தி மேட்டைத் தேடும். மேட்டில் இருப்பதோ பெரும்பாலும் ஊரும் கொல்லையும்.

வெயிலுக்கும் மழைக்கும் அடுத்த மூன்றாவது விஷயம் காற்று. காட்டுப்பன்றிக்குப் பார்வை சுமார்தான், மோப்பமோ அபாரம். அதனால்தான் உலகெங்கும் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் காற்றின் திசையைப் பார்க்கிறார்கள். காற்று பன்றியிடமிருந்து தங்கள் முகத்துக்கு வரும்படி நிற்பார்கள். கொல்லைக் காவலுக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். மனித வாடை பன்றிக்குப் போய்ச் சேர வேண்டும். கடலோரத்தில் பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். இரவில் நிலத்திலிருந்து கடல் பக்கம் திரும்பும். கொல்லையின் கிழக்கு மூலையில் பரண் போட்டு உட்கார்ந்தவரின் வாடை இரவில் கடலுக்குப் போகும், மேற்கே மலைப்பக்கம் இருந்து வரும் பன்றிக்கு எட்டாது.

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவுகள் இருக்கும் பிரான்சில் காட்டுப்பன்றித் தொல்லை இன்னும் பெரிய விவகாரம். அங்கே அண்மை ஆண்டுகளில் ஒரு பருவத்துக்குச் சுமார் 8 லட்சம் காட்டுப்பன்றிகள் வேட்டையாடப்படுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் அது 50,000-ஐக்கூட எட்டவில்லை. ஐரோப்பாவின் 12 நாடுகளின் பழைய கணக்குகளை வைத்து வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, குளிர் குறைந்த ஆண்டுகளை அடுத்துப் பன்றிகள் பெருகுவதைக் காட்டியது. கடுங்குளிரில் சாக வேண்டிய குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. கடுங்குளிரே இல்லாத நம் பக்கத்தில் அந்தத் தடை இல்லை. சினைக்காலம் சுமார் 115 நாள்தான். தண்ணீரும் தீனியும் இருந்தால் குட்டிகள் தேறிவிடும்.

இந்தியாவில் யாரும் தன் விருப்பப்படி காட்டுப்பன்றியை வேட்டையாட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம்.

சட்டத்துக்குக் காத்திராமல் சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். மழைக்காலத்தில் அது இன்னும் ஆபத்து. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர் உடம்பு வழியே மின்சாரம் எளிதில் பாயும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காக வைத்த மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த ‘அடார்’ என்னும் கல்பொறியில் புலி சிக்குவதை நற்றிணைப் பாட்டு ஒன்று சொல்கிறது. பன்றிக்கு வைத்ததில் வேறு உயிர் மாட்டுவது அவ்வளவு பழைய துயரம்.

கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள், முட்டைக் கரைசல் தெளிக்கிறார்கள், சலூனில் வாங்கிவந்த தலைமுடியைத் தூவுகிறார்கள். வாடையை நம்பிய விரட்டிகளை ஒரு பெருமழை கழுவிக்கொண்டு போய்விடும். மண் இளகியிருக்கும் அதே இரவில் வேலியும் வெறும் வேலியாக நிற்கும். ஆகவே மழை விட்ட அன்று மாலையே கரைசலை மறுபடி தெளிக்க வேண்டும். அன்றிரவு டார்ச் லைட்டும் தகர டின்னும் எடுத்துக்கொண்டு, கொல்லையின் மேற்கு வரப்பில் இருவர் உட்கார வேண்டும்.