குளோரின் ஏறிய முடியும் கத்தரிக்கோலும்

நீச்சல் குளத்து நீரில் கிருமிகளைக் கொல்லும் குளோரின், முடியின் மேல் படிந்திருக்கும் இயற்கை எண்ணெயையும் சேர்த்தே அகற்றுகிறது. எண்ணெய் போனபின் முடியின் மேலுறைச் செதில்கள் விரிந்து, உள்ளிருக்கும் கெராட்டின் புரதம் சிதையத் தொடங்குகிறது. வாரத்தில் நான்கைந்து நாள் நீந்துபவருக்கு முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, நுனி பிளந்து ஒடிகிறது. இதை முடி உதிர்வு என்று எண்ணிக்கொண்டு மாத்திரைக்கும் மூலிகைத் தைலத்துக்கும் பணத்தைக் கொட்டுபவர்கள் ஏராளம். கையில் வந்த முடியின் முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. அப்படி நிறைய வந்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குமிழ் இல்லாவிட்டால் நடுவில் ஒடிந்தது. ஒடிவதற்கு மாத்திரை கிடையாது.

குளத்தில் இறங்குபவர்களின் முடி பச்சையாவதற்குப் பழி குளோரின் மேல் விழுகிறது. உண்மையில் நிறம் தருவது செம்பு. பாசியை அழிக்க மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைக்கும் குளங்களிலும், செம்புக் குழாய் அரிக்கும் இடங்களிலும் அது நீரில் கலந்து முடியில் படிகிறது. நரைத்த முடியிலும் பிளீச் செய்த முடியிலும் பச்சை தெரியும். கருமுடியில் தெரியாது, ஆனால் செம்பு அங்கும் இருக்கும். ஆபத்து இங்கேதான். செம்பு ஏறிய முடியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த சாயமோ பிளீச்சோ பட்டால், வினை கட்டுமீறிச் சூடேறி, முடி கொத்தாக ஒடியக்கூடும். ஆகவே பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததும், மற்ற எதையும் விட முதலில், நீச்சல் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

தடுப்பு மிக எளிது என்பதாலேயே யாரும் செய்வதில்லை. குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்தால், ஏற்கெனவே நீரை உறிஞ்சிய முடி குளத்து நீரைக் குறைவாகவே ஏற்கும். அதன்மேல் சிறிது தேங்காயெண்ணெய், அதற்கும் மேல் சிலிக்கான் தொப்பி. தொப்பி முடியை உலர்வாக வைக்காது, உரசலையும் நீர்ப் புழக்கத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். கரையேறியதும் உடனே அலச வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உதவாது. உலோகம் நீக்கும் ஷாம்பு வாரம் ஒருமுறை போதும். அதன் உட்பொருள் பட்டியலில், உலோகத்தைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெயரளவுக்கே இருக்கிறது.

பிளந்த நுனியை ஒட்டவைக்கும் சீரம் எதுவும் இல்லை; வெட்டுவதே வழி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டினால் நீளம் பெரிதாகக் குறையாது. வெட்டினால் அடர்த்தி கூடும் என்பது கட்டுக்கதை. சேதமான முடிக்கு ரேஸர் வெட்டும் அடர்த்தி குறைக்கும் கத்தரியும் வேண்டாம். எத்தனை அங்குலம் என்பதை வாயால் சொல்வதோடு விரலாலும் காட்ட வேண்டும்.

பார்லரில் செய்த வேலை கெட்டுப்போனால் சட்டம் துணை நிற்கிறது, ஆனால் சான்று கேட்கிறது. டெல்லியில் ஒரு ஓட்டல் சலூனில் தவறாக முடி வெட்டப்பட்ட வழக்கில், 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. இழப்பீட்டுத் தொகைக்குச் சான்றில்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்து, மறுபரிசீலனைக்கு அனுப்பியது. எனவே பில் வாங்காமல் எழுந்து வரக்கூடாது. பில், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பூசிய பொருளின் பெயர், தோல் மருத்துவரின் சான்று, முன்பதிவுக் குறுஞ்செய்தி ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, முதலில் கடைக்கு விரைவுத் தபாலில் எழுத்துப் புகார் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. பில் இல்லாமல் போனால் முதல் கேள்வியிலேயே திணற நேரும்.

ஷாம்புவிலோ சாயத்திலோ தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி இல்லையென்றால் புகார் மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு. தமிழ்நாட்டில் தலைமையகம் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பாட்டிலை வீசிவிட்டுப் புகார் எழுதுவதில் பயனில்லை.

குளத்தில் கண்ணெரியும் நெடி வீசினால், சுத்தமான நீர் என்று மகிழ வேண்டாம்; குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் கலந்து உண்டாகும் குளோரமீனின் வாடை அது. நீர்த்தரத்துக்கென்றே ஐஎஸ் 3328 என்ற இந்தியத் தர வரையறை இருந்தும், சோதனைப் பதிவேட்டைக் கேட்டால் முறைக்கும் பொறுப்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சிக் குளமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்; 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தனியார் குளமானால் அந்தப் பகுதி உள்ளாட்சியின் சுகாதார அலுவலரிடம் எழுத்துப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வைக்க வேண்டும்.