ஈரத் தரையில் வழுக்காத தரையோடு: வாங்குமுன் அறிய வேண்டியவை

கனடாவில் முதியோர் காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் விழுதலே ஆகும். 65 வயதைக் கடந்தவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றனர் எனக் கனடாப் பொதுச் சுகாதார முகவரகம் மதிப்பிட்டுள்ளது. அவ்விபத்துகளில் ஏறத்தாழப் பாதி வீட்டிலேயே நிகழ்கின்றன. பெற்றோரும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழும் மிசிசாகா இல்லங்களில், குளியலறைத் தரையைத் தெரிவு செய்வது அழகு சார்ந்த முடிவு மட்டுமன்று.

ஏன் வழுக்குகிறது?

போர்சலின் தரையோடு மிகுந்த வெப்பத்தில் சுடப்படுவதால், தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. இப்பண்பே அதனைக் கறையிலிருந்து காக்கிறது. ஆயினும் உறிஞ்சப்படாத நீர் மேற்பரப்பில் படலமாகத் தங்குகிறது. மெருகேற்றிய ஓட்டில் பாதம் அப்படலத்தின் மீது வழுக்கிச் செல்லும். சொரசொரப்பான ஓட்டிலோ நுண்ணிய மேடுகள் படலத்தை ஊடுருவிப் பாதத்தைப் பற்றிக்கொள்ளும். சவர்க்காரமும் எண்ணெய் முழுக்கின் எச்சமும் நீரைப் போல் எளிதில் விலகுவதில்லை. ஆதலால் வழுக்கல் மேலும் கூடுகிறது.

குறியீடுகளை வாசிப்பது எப்படி?

வட அமெரிக்காவில் விற்கப்படும் ஓடுகளுக்கு டி.சி.ஓ.எஃப். எனப்படும் இயக்க உராய்வெண் தரப்படுகிறது. நீர் படும் சமதள உட்புறத் தரைக்கு ஈரநிலையில் குறைந்தது 0.42 வேண்டும். பொது நீராடுமிடம் போன்ற பகுதிகளுக்கு 0.50, மழைபடும் வெளித்தளத்திற்கு 0.55 எனத் தேவை உயர்கிறது. 0.42 என்பது தொடக்க எல்லையே தவிர, வழுக்காது என்பதற்கான உத்தரவாதம் அன்று.

ஐரோப்பிய ஓடுகளில் ஆர்9 முதல் ஆர்13 வரையான தரங்கள் காணப்படும். இவற்றுள் ஆர்9 மிகக் குறைந்த தரமாகும். இச்சோதனை எண்ணெய் பூசிய சாய்தளத்தில் சப்பாத்து அணிந்து நடத்தப்படுவது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்னும் தனித்தரங்கள் உள்ளன. நீராடும் இடத்திற்கு பி அல்லது சி பொருத்தமானது. பி.இ.ஐ. என்னும் எண் தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றலையே குறிக்கும். வழுக்கலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இடத்திற்கேற்ற தெரிவு

• நீராடும் தளத்திற்கு ஏறத்தாழ 2 அங்குலச் சிறு ஓடுகள் சிறந்தவை. இடையிலுள்ள சாந்துக் கோடுகள் காலுக்குப் பிடிமானம் தரும். வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலச் சரிவு அமைப்பதும் எளிது.
• வாசற்பகுதியில் பனிக்காலச் சப்பாத்துகளிலிருந்து உருகும் நீரும் வீதி உப்பும் சேர்கின்றன. அங்கும் ஈரநிலைத் தரம் அவசியம். நீரேந்தும் தட்டும் விரிப்பும் வைப்பது நன்று.
• கடையில் மாதிரி ஓட்டை நனைத்துத் தடவிப் பார்க்கலாம். எனினும் அது எழுத்திலுள்ள தரவுக்கு ஈடாகாது. தரவுத்தாளைக் கேட்டுப் பெறுங்கள்.

ஏற்கெனவே பதித்த தரைக்கு

துப்புரவுத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றுவதும் மெழுகு பூசுவதும் நல்ல ஓட்டையும் வழுக்கச் செய்யும். அளவோடு பயன்படுத்தி, வெந்நீரால் அலசித் துடையுங்கள். அடிப்புறம் இறப்பர் கொண்ட விரிப்புகளையே இடுங்கள். சுவரின் உட்சட்டத்தில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடியே உடற்பாரத்தைத் தாங்கும். துவாய்க் கம்பி தாங்காது.

வாடகைக்கு வசிப்போர், உடைந்த அல்லது நீர் கசியும் தரையைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்கலாம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டைச் செப்பமாகப் பேணுவது உரிமையாளரின் கடமை. குழாயையோ வடிகாலையோ இடம் மாற்றும் திருத்தவேலையைத் தொடங்குமுன், கட்டட அனுமதி குறித்து நகரசபையை 3-1-1 என்னும் எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.