பட்டன் பேட்டரி: குழந்தை விழுங்கினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்

கார் சாவி, சிறிய ரிமோட், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டை என வீட்டில் பல பொருள்களுக்குள் இருப்பது பட்டன் பேட்டரி. இவற்றில் அதிகம் அஞ்ச வேண்டியது சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் வகை. அளவு அந்த எண்ணிலேயே இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள இந்த அகலம் போதும்.

உள்ளிருக்கும் ரசாயனம் கசிந்துதான் புண் உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி உடையாமல் முழுசாக இருக்கும்போதே தீங்கு தொடங்கிவிடுகிறது. ஈரமான சதை இரு முனைகளையும் தொட்டதும் மின்சாரம் பாய்கிறது. எதிர்முனை பதிந்த இடத்தில் உடலில் உள்ள நீரே சிதைந்து ஹைட்ராக்சைடு உருவாகிறது. இந்தக் கடுங்காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் உண்டாகிவிடும். பிறகு உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம். பக்கத்தில் செல்லும் பெருந்தமனி அரிக்கப்பட்டால் உயிரே போய்விடும். பேட்டரியை எடுத்துப் பல நாள்கள் கழித்தும் ரத்தப்போக்கு ஏற்பட்டதுண்டு. தீர்ந்துபோன பேட்டரியிலும் இவ்வளவுக்குப் போதிய மின்சாரம் மிச்சமிருக்கும். கழற்றிய பேட்டரியை மேசைமேல் போட்டுவைப்பதும் ஆபத்துதான்.

குழந்தை விழுங்கியதைப் பெரும்பாலும் யாரும் பார்த்திருப்பதில்லை. எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், காய்ச்சல் வரும். சாதாரணச் சளி என்றே தோன்றும். எக்ஸ்ரேயில் காசு போலத் தெரிந்தாலும், விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரி. மூக்கிலோ காதிலோ திணித்திருந்தாலும் இதே அவசரம்தான்.

சந்தேகம் வந்தாலே போதும், எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயதைக் கடந்த குழந்தை விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், அதனால் விழுங்க முடிகிறவரை, போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் ஆறு முறை. காரத்தின் வேகத்தைத் தேன் சற்றுத் தணிக்கும், அவ்வளவே. தேன் தேடிப் புறப்பாட்டைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

ஆஸ்திரேலியா 2022 ஜூன் முதல் இத்தகைய பொருள்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரீஸ் சட்டம் வந்தது. விழுங்கிய பேட்டரியால் இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயர் அது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கழற்றிய பேட்டரியின் இருபக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஸ்குரூ இல்லாமல், விரலால் தள்ளினாலே மூடி திறந்துகொள்ளும் பொருள் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.