ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா? பம்பாய் பெண் ஸ்டெனோ நடத்திய பத்தாண்டு வழக்கு

ஒரே அலுவலகம். ஒரே மாதிரி மேஜை. ஒரே மாதிரி டைப்ரைட்டர். எடுக்கும் சுருக்கெழுத்தும் அடிக்கும் கடிதமும் ஒன்றுதான்.

சம்பளத்தன்று கைக்கு வரும் தொகை மட்டும் வேறு. ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு.

இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டு பம்பாயில் ஒரு பெண் ஸ்டெனோ வழக்குப் போட்டார். அந்த வழக்கு படிப்படியாக ஏறி, கடைசியில் டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தீர்ப்பு வந்தது 1987-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந் தேதி. பெண்ணுக்கே வெற்றி.

இன்று அந்தத் தீர்ப்பை சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அது மாணவர்களை விட, மாதச் சம்பளக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஆகும்.

டைப்ரைட்டரை நம்பி வந்தவர்கள்

ஸ்டெனோ வேலை என்றால் என்ன என்று மும்பைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டைப்ரைட்டிங் ஹையர், சுருக்கெழுத்து என்ற இரண்டு சர்டிபிகேட்டுகளை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரெயில் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் வேர் விட்டதற்கு அந்தக் காகிதங்களும் ஒரு காரணம்.

1966-ல் சிவசேனா தொடங்கியபோது, "அலுவலக வேலைகளை எல்லாம் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொண்டார்கள்" என்பதுதான் பெரிய குற்றச்சாட்டாக இருந்தது. திறமையைப் பார்க்காமல் பிறந்த ஊரைப் பார்த்து ஒருவனை ஒதுக்குவது எவ்வளவு கசக்கும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

ஆணா, பெண்ணா என்று பார்த்து சம்பளத்தைக் குறைப்பதும் அதே கசப்புதான். ஆனால் இதை நம்மில் பலர் அப்படி நினைப்பதில்லை.

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆண் சம்பாதித்தால் அது குடும்பம் நடத்தும் பணம். பெண் சம்பாதித்தால் அது மேல் வருமானம். பட்டுப்புடவைக்கும் சீட்டுக்கும் ஆகும் பணம். இந்த நினைப்புதான் பல காலம் சம்பளப் பட்டியலையும் எழுதி வந்தது.

கல்யாணம் ஆனால் வேலை காலி

சம்பளம் மட்டும் அல்ல, வேலையில் நீடிப்பதே ஒரு காலத்தில் பெண்ணுக்குச் சிக்கலாக இருந்தது.

பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில், குறிப்பிட்ட ஒரு பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அன்றோடு வேலை முடிந்தது என்று விதி இருந்தது. கல்யாணம் ஆன பெண்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். தொழிற்சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்ட சுப்ரீம் கோர்ட்டு, 1965-ல் அந்த விதியைத் தள்ளிவிட்டது.

ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களுக்கு, முதல் முறை கர்ப்பம் ஆனாலே வேலை போய்விடும் என்று விதி இருந்தது. அதை 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்த 4 ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பாதி வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஸ்டெனோ பெண்ணின் வழக்கு நடந்துகொண்டு இருந்தது.

வேலை போன பிறகு தொடுத்த வழக்கு

அவர் பெயர் ஆட்ரி டி'கோஸ்டா. வேலை பார்த்தது மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில். கப்பல் தொழிலில் வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தே பெயர் பெற்ற கம்பெனி அது. பல்லார்டு எஸ்டேட்டில் அதன் பெயரிலேயே ஒரு கட்டிடம் உண்டு.

அவருடைய பதவியின் பெயர் "கான்பிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்". அதாவது மேல் அதிகாரிகளிடம் ரகசிய வேலை பார்க்கும் பெண் ஸ்டெனோ. 1977-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதியோடு அவர் வேலை முடிந்தது.

அதன் பிறகு, தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தார். "நான் வேலையில் இருந்த காலத்தில், இதே வேலை பார்த்த ஆண் ஸ்டெனோக்களை விட எனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள்" என்பதே மனுவின் சாரம்.

அவருக்குக் கை கொடுத்தது, சம ஊதியச் சட்டம். 1975 சர்வதேச மகளிர் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1976-ல், அது பாராளுமன்றச் சட்டம் ஆனது. ஒரே வேலைக்கு, அல்லது ஒரே தன்மையான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது அதன் சாரம்.

மனுவை விசாரித்த அதிகாரி, வேலை ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பணம் கொடுக்க உத்தரவிடவில்லை. அப்பீலில்தான் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது. 1976 அக்டோபர் 26 முதல் 1977 ஜூன் 13 வரை உள்ள பாக்கி ரூ.7 ஆயிரத்து 196 காசு 67-ஐக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது.

எட்டு மாதம் கூட இல்லாத காலத்துக்கு இவ்வளவு பாக்கி. மாதத்துக்கு 900 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம். 1977-ல் 900 ரூபாய் என்றால் என்ன மதிப்பு என்று அந்தக் காலத்து குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

கம்பெனி விடவில்லை. பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனது, தோற்றது. இரண்டு நீதிபதிகள் பெஞ்சுக்கு அப்பீல் போனது, அங்கும் தோற்றது. பிறகு சுப்ரீம் கோர்ட்டு.

சொன்ன காரணங்களும் கிடைத்த பதிலும்

கம்பெனி சொன்ன முதல் காரணம்: பெண் ஸ்டெனோ பார்ப்பது அதிகாரிகளின் ரகசிய வேலை, ஆண் ஸ்டெனோ பார்ப்பது வேறு வேலை.

கோர்ட்டு சொன்ன பதில்: அந்த இடத்தில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், நிர்வாகம் அவர்களை அங்கே வைத்ததுதான் காரணம். அந்த வேலைக்குப் பெண்ணுக்குத் தனித் தகுதியும் இல்லை. ஆண் ஸ்டெனோ வேலைக்குப் பெண் தகுதி இல்லாதவளும் இல்லை. பதவியின் பெயரைப் பார்க்காதே, உண்மையில் செய்யும் வேலையைப் பார். சில்லறை வித்தியாசங்களைப் பெரிதுபடுத்தாதே.

இரண்டாவது காரணம்: சம்பள விகிதம் 1975-ல் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி நிர்ணயம் ஆனது. சங்கமே கையெழுத்துப் போட்டு இருக்கிறதே!

கோர்ட்டு இதையும் ஏற்கவில்லை. சட்டம் கொடுத்த உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது என்று கூறிவிட்டது.

மூன்றாவது காரணம்: கம்பெனியின் நிதி நிலைமை சரியில்லை.

சம ஊதியம் என்பது முதலாளியின் வசதியைப் பொறுத்தது அல்ல என்பது கோர்ட்டின் பதில்.

தீர்ப்பு வழங்கிய நீதிபதிகள் இ.எஸ்.வெங்கடராமய்யா, எம்.எம்.தத். வெங்கடராமய்யா பிறகு 1989-ல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார். அவருடைய மகள் பி.வி.நாகரத்னா 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகப் பதவி ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

கையெழுத்துப் போட்டது யார்?

இந்த வழக்கில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது அந்த 1975 ஒப்பந்தம்.

முதலாளி லாபத்துக்காகப் பெண்ணின் சம்பளத்தைக் குறைத்தார் என்றால் அதிசயம் இல்லை. ஆனால் தொழிலாளிக்காகப் பேசும் சங்கமும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது. பக்கத்து மேஜைப் பெண்ணுக்குக் குறைவு என்பது யாருக்கும் தவறாகப் படவில்லை.

ஆணாதிக்கம் என்றால் அடி, உதை மட்டும் அல்ல. "அவளுக்கு இது போதும்" என்று நல்ல மனிதர்களும் சாதாரணமாக நினைப்பதற்கும் அதுதான் பெயர்.

பெண்ணுக்குச் சமமாகக் கொடுத்தால் ஆணுக்குக் குறையுமே என்று சிலர் பயப்படுவது உண்டு. சட்டம் அதற்கும் வழி சொல்லி இருக்கிறது. ஆணின் சம்பளத்தை வெட்டி சமம் செய்யக்கூடாது. குறைவாக இருப்பதைத்தான் உயர்த்த வேண்டும்.

1976-ம் ஆண்டு சட்டம் இப்போது தனியாக இல்லை. அது 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அமலுக்கு வந்துள்ளது. ஆண், பெண் பேதம் காட்டி ஊதியம் குறைக்கக்கூடாது என்ற விதி அதிலும் அப்படியே இருக்கிறது.

தீர்ப்பு எட்டாத இடம்

இவ்வளவு இருந்தும், இந்தத் தீர்ப்பு எட்டாத இடம் ஒன்று உண்டு. அது மாதுங்காவுக்குப் பக்கத்திலேயே, தாராவியில் இருக்கிறது.

சட்டம் கேட்பது, "இதே வேலை பார்க்கும் ஆணுக்கு எவ்வளவு?" என்ற கேள்வியை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கிலோ கணக்கில் அப்பளம் இடுவதற்கு ஆண் வருவதில்லை. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கவும், துணியில் நூல் வெட்டவும் பெண்களையே உட்கார வைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஆண் இல்லை. ஒப்பிட ஆள் இல்லை என்றால் வழக்கும் இல்லை. பெண்கள் வேலை என்று பெயர் வைத்துவிட்டாலே கூலி இறங்கிவிடுகிறது.

சமமான மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1951-லேயே உடன்பாடு செய்தது. இந்தியா அதை 1958-ல் ஏற்றுக்கொண்டது. இந்தியச் சட்டமோ இன்னும் "ஒரே வேலை, ஒரே தன்மையான வேலை" என்ற அளவிலேயே நிற்கிறது. மதிப்பு என்ற சொல்லுக்கு இன்னும் உள்ளே இடம் இல்லை.

தாராவியின் இட்லி மும்பை முழுதும் பிரபலம். விடியும் முன்பே எழுந்து மாவைப் பார்த்து, அடுப்பு மூட்டி, இட்லி அவித்து, சட்னி அரைத்து, பாத்திரம் கழுவுவது வீட்டுப் பெண்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்பது ஆண்கள். விற்ற பணம் யார் பையில் இருக்கிறது? "என்ன தொழில்?" என்று கேட்டால், "நான் இட்லி வியாபாரம், அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலை மாற்ற எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

வேலை போன பிறகும் பின்வாங்காமல், பத்தாண்டு கழித்து ஒரு பெண் தன் பாக்கியை வாங்கிக் காட்டினார். அவருக்குக் கணக்குக் காகிதம் இருந்தது. எதிரில் ஆண் ஸ்டெனோவின் சம்பளப் பட்டியல் இருந்தது. அவித்த இட்லிக்கும் இட்ட அப்பளத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியலை வீட்டில் உள்ளவர்கள்தான் எழுத வேண்டும்.

அதன் முதல் வரியில், "அவள் சும்மா இருக்கவில்லை" என்று எழுதினால் போதும். மீதிக் கணக்கு தானாக வரும்.